பற்றவைத்துக் கொடுப்பவன்

பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பார் முதலாளிக்குத் தீக்குச்சி என்பவன் தர வேண்டிய பாக்கி அதுதான். இருக்கிறவனுக்கு அது ஒரு வாரச் செலவு. தீக்குச்சிக்கு மலை. மனைவி மூச்சு விடுவதற்காக வாங்கிய ஆக்சிஜன் மெஷினின் கடன் அது. முதலாளிதான் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தார், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளாக மருந்துக் கடைக்குக் கொடுத்தது போகப் பிடித்துக்கொள்ளச் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள கட்டிடு. இல்லேன்னா மெஷினை எடுத்துக்கறேன். எனக்கு வேற வழி தெரியலப்பா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயம். அவர் கத்தினால் மறுநாள் மறந்துவிடுவார். மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவார்.

தீக்குச்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பாரில் விழுந்த பெயர். ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிசு என்பது ஒரு காரணம். அவன் பார்த்த வேலை இன்னொரு காரணம். பாரின் பின்பக்கம் ஒரு சீட்டு அறை உண்டு. அங்கே உட்கார்ந்தவர்கள் கையிலிருக்கும் சீட்டைக் கீழே வைக்க மாட்டார்கள்; வைத்தால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். அதனால் யாருக்காவது புகைக்க வேண்டும் என்றால் ஒரு கண்ணசைவு போதும். தீக்குச்சி மேசையில் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒரு சிகரெட்டை உருவித் தன் வாயில் வைத்துப் பற்றவைப்பான். நுனி நன்றாகப் பிடிக்கிற வரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஆட்டக்காரர் வாயில் சொருகுவான். எச்சில் படாமல் உதட்டு நுனியில் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வேறு எவன் பற்றவைத்துக் கொடுத்தாலும் வாங்காதவர்கள்கூட அவன் கொடுத்தால் வாங்குவார்கள். போகும்போது சில்லறை தருவார்கள்.

"நீ தம் அடிப்பியாடா?" என்று யாராவது கேட்டால், "சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது" என்பான். பொய் என்று அவன் நினைத்ததே இல்லை. சொந்தக் காசில் ஒரு சிகரெட்டை அவன் முழுதாகப் பிடித்தது கிடையாது.

சீட்டு அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரில் ஒரு சின்னத் திறப்பு மட்டும் இருந்தது. எச்சில் கிளாஸையும் சாம்பல் கிண்ணத்தையும் கழுவுகிற இடத்துக்குத் தள்ளிவிட வைத்த திறப்பு. அறையிலிருந்து புகை வெளியே போக இருந்த ஒரே வழியும் அதுதான். அந்த வழியின் மறுமுனையில், தொட்டியின் முன்னால், அவன் மனைவி பதினோரு வருஷம் நின்றாள்.

நகரசபை தடை கொண்டுவரப் போகிறது என்ற செய்தி வந்த அன்று சீட்டு அறையில் ஆட்டம் நடந்ததைவிடப் பேச்சுதான் அதிகம் நடந்தது.

"பாருக்குள்ள புகைக்கக் கூடாதாம். ஓட்டல்ல கூடாதாம். கூரை இருக்கற எடம் எதுலயும் கூடாதாம்" என்றார் லாரிக்காரர். "நாளைக்குக் குடிக்கவும் கூடாதும்பான். அப்புறம் நாம இங்க வந்து தியானம்தான் பண்ணணும்."

"நீ தியானம் பண்ணா சாமி எழுந்து வெளிய போயிடும்" என்றார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"வெளிய போய் அடிச்சிட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்று மூன்றாவது ஆள் கேட்டான்.

"நான் வெளிய போனா என் சீட்டை இவர் பாப்பாரே" என்று லாரிக்காரர் வாத்தியாரைக் காட்டினார்.

"உன் சீட்டைப் பாக்கணுமாக்கும். அதான் உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே."

வாத்தியார் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நியாயம் பேசினார். "நான் கேக்கறது ஒண்ணுதான். என் துட்டு, என் வாய், என் நுரையீரல். இதுல அடுத்தவனுக்கு என்ன வந்துச்சு?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினார். தீக்குச்சி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இழுத்து, அந்த வாயில் வைத்தான்.

அன்று கடை சாத்துவதற்கு முன்னால் முதலாளி அவனைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். நான் பேசினா லாபத்துக்குப் பேசறான்னுவாங்க. வேலைக்காரன் பேசினாத்தான் எடுபடும்னு வக்கீல் சொல்றார். நீ பேசு. 'நான் இத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறேன். புகையால எனக்கு ஒண்ணும் ஆகல. தடை போட்டா என் பொழப்பு போயிடும்.' அவ்வளவுதான். இதைச் சொல்லிட்டு வா, உன் பாக்கியை அடிச்சிடறேன்."

"முழுசாவா, முதலாளி?"

"முழுசா. எனக்கும் பேங்க்காரன் கழுத்துல துண்டு போட்டு இறுக்கறான். சீட்டு ரூம் போச்சுன்னா பாதி வியாபாரம் போச்சு. உனக்கு நான், எனக்கு நீ. என்ன சொல்றே?"

தீக்குச்சி தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினோம் என்பது வீடு வந்து சேர்வதற்குள்தான் அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் மாடிப்படியிலேயே சட்டையைக் கழற்றி ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவைப்பது அவன் வழக்கம். அந்தச் சட்டை வாசனை பட்டாலே அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். குழாயடியில் முகம், கழுத்து, கை எல்லாம் கழுவிக்கொண்டு உள்ளே போனான். அவள் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்து வெகு நாளாகிறது; படுத்தால் மூச்சு அடைக்கும். மூக்கில் குழாய் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதன்மேல் கை வைத்தான். சூடே இல்லை. அவன் காலடிச் சத்தம் கேட்டபின் போட்டிருக்கிறாள்.

"நிறுத்தி வெச்சியா?"

"அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணாமா? பாவம், எனக்காக ராப்பகலா மூச்சு விடுது." ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் பேசினாள். வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. "கரண்ட் பில்லைப் பாத்தீங்களா? பாத்தா உங்களுக்கும் ஒரு குழாய் மாட்டணும்."

"இனிமே நிறுத்தாத."

"சரி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? முதலாளி திட்டினாரா?"

"இல்ல. அன்பாப் பேசினார்."

"ஐயோ. அப்ப ஏதோ பெரிசாக் கேட்டிருக்கார்."

சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று அவன் நினைத்தபோது பேசினாள்.

"சொல்லிட்டு வாங்க."

"உன்னை இந்தக் கோலத்துல வெச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகலன்னு எப்படிச் சொல்றது?"

"என்னைப் பத்தி யாரு கேட்டா? உங்களைப் பத்தித்தானே கேக்கறாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "சளி" என்றான்.

"அந்தச் சளியை வியாழக்கிழமை இங்கயே விட்டுட்டுப் போங்க." கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். "உண்மையைச் சொன்னா எனக்குப் புதுசா நுரையீரல் முளைக்குமா? மெஷின் போச்சுன்னா இருக்கற கொஞ்சமும் போயிடும். எனக்குச் சாகப் பயமா இருக்குங்க. மூச்சு முட்டிச் சாகறது சும்மா இல்ல. ராத்திரி ராத்திரி பாதி வழி போய்ப் பாத்துட்டு வரேன்."

அவளே அவனை எழுப்பி நிறுத்திப் பாடம் சொல்ல வைத்தாள்.

"'ஒண்ணும் ஆகல'ங்கும்போது தரையைப் பாக்காதீங்க. கோழி திருடினவன் மாதிரி இருக்கு. நேராப் பாருங்க. ம், மறுபடி."

வியாழக்கிழமை நகரசபைக் கூடத்தில் உட்கார இடமில்லை. ஒரு பக்கம் பார்க்காரர்கள், ஓட்டல்காரர்கள். இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி ஆட்கள், பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார்கள். மேடையில் தலைவர், உறுப்பினர்கள். டாக்டரம்மா ஒருவர் எழுந்து, பக்கத்தில் இருப்பவன் விடுகிற புகையும் நெஞ்சுக்குள்தான் போகிறது என்று படம் காட்டிப் பேசினார். பார்க்காரர்களின் வக்கீல் எழுந்து, பிடிக்காதவன் அந்தப் பக்கம் வராமல் இருக்க உரிமை இருக்கிறதே என்றார். கைதட்டினார்கள்.

தீக்குச்சியின் முறை வந்தது. அவன் மைக்கைப் பிடித்தான். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தே சொல்லி முடித்தான். புகையால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். தடை வந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்றான். குரல் நடுங்கவில்லை, இருமல் வரவில்லை. உட்கார்ந்தபோது முதலாளி அவன் தொடையில் தட்டினார். தீக்குச்சிக்கு வேர்த்து ஊற்றியது. மெஷின் இனி நம்முடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

பத்து நிமிஷம் இடைவேளை என்றார் தலைவர். சட்டம் இன்னும் வரவில்லையே, கூடத்துக்குள்ளேயே ஆளாளுக்குப் பெட்டியை எடுத்தார்கள். தலைவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இரண்டு கையிலும் கோப்புகளை அணைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, தீக்குச்சி உட்கார்ந்திருந்த வரிசையோரம் வந்து நின்றார். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. கையோ காலியில்லை. கோப்புகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

அந்தப் பார்வை போதும். தீக்குச்சி எழுந்துவிட்டான். அவன் எழுந்தான் என்று சொல்வதைவிட அவன் கை எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தலைவரின் பையிலிருந்து பெட்டியை எடுத்து, ஒன்றை உருவி, தன் வாயில் வைத்து, குச்சியைக் கிழித்து, ஒரு இழுப்பு இழுத்து, அவர் வாயருகே நீட்டிவிட்டான். எல்லாம் ஒரே வீச்சில் நடந்தது. தலைவர் அரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பிறகுதான் இருமல் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். நிற்கவில்லை. கண் பிதுங்கி, நீர் வடிந்து, கடைசியில் தரையில் மண்டியிட்டான். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். டாக்டரம்மா ஓடி வந்து முதுகில் கை வைத்தார்.

"நிதானமா. மெதுவா விடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?"

"நான் பிடிக்கறதில்லீங்க" என்றான் மூச்சு வாங்க. "பத்தவெச்சுக் குடுக்கறதோட சரி."

"பத்தவெச்சா? அப்படி எத்தனை?"

வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தான். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவன் குறைத்துச் சொல்கிறவன் இல்லை.

"கூட்டமில்லாத நாள்னா நாப்பது. சனிக்கிழமைல எழுபது, எம்பது போகும். எச்சில் படாதுங்க, கேட்டுப் பாருங்க."

அவன் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. மைக் அணைக்காமல் பக்கத்திலேயே கிடந்தது.

"இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எம் பொண்டாட்டிக்குத்தான் முடியல. அவ அந்தப் பக்கம் நின்னு ஆஷ்ட்ரே கழுவினா. அவளுக்குத்தான் மூக்குல குழாய்."

சொன்ன பிறகுதான் முதலாளி முகத்தைப் பார்த்தான்.

வெளியே படிக்கட்டில் முதலாளி காத்திருந்தார். இப்போதும் கத்தவில்லை.

"சொல்லச் சொன்னதைச் சொன்னேனே, முதலாளி."

"சொன்னே. வாய் என் கட்சிக்கு ஓட்டுப் போட்டுச்சு. நெஞ்சு எதிர்க்கட்சிக்குப் போட்டுடுச்சே."

"தெரியாம வந்துடுச்சு."

"இருமல் தெரியாம வரும். பொண்டாட்டியுமா தெரியாம வருவா?" காரின் கதவைத் திறந்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்."

அன்று மாலையே தடை நிறைவேறியது. மறுநாள் சீட்டு அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பற்றவைத்துக் கொடுக்க ஆள் எதற்கு? தீக்குச்சியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. "கையை வீட்டுல விட்டுட்டுப் போகச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாலா மூச்சாலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை டாக்டரம்மா தேடிக்கொண்டு வந்தார். அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "நான் எழுதித் தரேன். இது அந்த எடத்துல வேலை பாத்ததால வந்ததுதான். கேஸ் போடுங்க. ஜெயிக்கும்" என்றார்.

"எவ்வளவு நாள் ஆகும், டாக்டரம்மா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகலாம்."

"அவ்வளவு என்கிட்ட இருக்கா?"

டாக்டரம்மா மெஷினின் குழாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி வந்தார். தனியாக வந்திருந்தார், மெஷினைத் தூக்க ஆள் கொண்டுவரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தீக்குச்சிக்குப் புரியவில்லை. இருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டான். முதலாளி உட்கார்ந்தார், அவளைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துவிட்டார்.

"பத்த வைங்க, முதலாளி" என்றாள் அவள். "ஆக்சிஜன் ஓடுது. நெருப்புப் பட்டா மூணு பேர் கணக்கும் ஒரே நேரத்துல தீந்துடும்."

அவர் அவசரமாக அதை எடுத்துப் பையில் போட்டார். "டாக்டரம்மா வந்தாங்களாமே."

"வந்தாங்க."

"கேஸ் போடப் போறியாம்மா?"

"போட்டா என்ன ஆகும்?"

"நான் தெருவுக்கு வந்துடுவேன்" என்றார் முதலாளி. அது உண்மை என்று அவர் முகத்தில் தெரிந்தது. சவரம்கூடச் செய்யாமல் வந்திருந்தார். பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். "இது உன் புருஷன் எழுதிக் குடுத்த கடன் பத்திரம். இது நான் எழுதிட்டு வந்தது. இதுல நீ கையெழுத்துப் போட்டா, அதை இங்கயே கிழிச்சிடறேன். இல்லேன்னா நாளைக்கு ஆள் வரும்."

"படிங்க."

அவர் படித்தார். மேற்படி இடத்தில் தான் வேலை பார்த்த காலத்தில் புகையினால் தனக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை என்று அவள் மனமுவந்து எழுதிக் கொடுப்பதாக இருந்தது.

அவள் குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். தீக்குச்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. சொல்லிவிடாதே என்று இன்னொரு பக்கம் கெஞ்சியது.

"இதுல போட மாட்டேன்" என்றாள் அவள்.

முதலாளி எழுந்தார்.

"உக்காருங்க. புகையால ஒண்ணும் ஆகலன்னு நான் எப்படி எழுதுவேன்? என் நெஞ்சு கேட்டுக்கிட்டு இருக்கு. வேற மாதிரி எழுதுங்க. அங்க நான் வேலையே பாக்கலன்னு எழுதுங்க. ஒரு நாள்கூட வந்ததில்லன்னு. அதுல போடறேன்."

முதலாளி விழித்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. தான் கேட்டதைவிட அது அவருக்கு நல்லது. வேலையே பார்க்காதவள் எந்தக் கோர்ட்டில் என்ன கேட்க முடியும்?

"அது பொய்யாச்சேம்மா" என்றார், ஒரு பேச்சுக்கு.

"ரெண்டும் பொய்தான். அது உங்க பொய். இது என் பொய். மெஷின் எங்களுதுன்னும் சேத்து எழுதுங்க."

அவர் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தார். தீக்குச்சி கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். சீட்டு அறையின் அந்தச் சுவர்த் திறப்பின் வழியாகத்தான் அவளை முதலில் பார்த்தான். அன்றைக்கு முகம்கூடத் தெரியவில்லை. சோப்பு நுரை வழிகிற இரண்டு கை தெரிந்தது. 'கிண்ணத்துல தண்ணி ஊத்தி அணைச்சுட்டுக் குடுங்க, கை சுடுது' என்று ஒரு குரல் கேட்டது. அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு கிண்ணத்தையும் அணைத்துவிட்டுத்தான் தள்ளினான். ஒரு மாதம் கழித்துத்தான் முகத்தைக் காட்டினாள்.

"நீ அங்க வேலையே பாக்கலன்னா" என்று தாழ்ந்த குரலில் கேட்டான், "நான் உன்னை எங்க பாத்தேன்?"

அவள் அவனைப் பார்த்தாள். மெஷின் இழுத்தது, விட்டது.

"பஸ் ஸ்டாண்டுல பாத்தீங்கன்னு வெச்சுக்குங்க" என்றாள். "நல்ல காத்து வந்துச்சுன்னு வெச்சுக்குங்க."

முதலாளி எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மீதிப் பெயரை எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் தீக்குச்சி போட வேண்டும் என்றார். அவன் பேனாவை வாங்கினான். கை வரவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். போட்டான்.

முதலாளி கடன் பத்திரத்தை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார். துண்டுகளைப் போட இடம் தேடிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"அப்ப நமக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணும் இல்ல, முதலாளி" என்றான் தீக்குச்சி.